ஆறு மூடி பெப்பர்மின்ட்

“யோவ், இன்னாய்யா தைலம் இது? எரியவே மாட்டேங்குது. ஜில்லுனு கீது.”

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம். என் மனைவி சரசு கட்டிலில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

“ஊட்டி சரக்குடி. மெதுவாத்தான் ஏறும்” என்றேன்.

“நீ மோந்து பாரு. மிட்டாய் வாசனை அடிக்குது. சின்ன வயசுல துன்னுவமே, வெள்ளையா வட்டமா, அந்த மிட்டாய்.”

கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசனையும் தெரியவில்லை. நாலு நாளாக எனக்குச் சளி. இரண்டு மூக்கும் கல் வைத்து அடைத்ததுபோல் கிடந்தன. அதை நான் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

பாட்டிலைப் பார்த்தேன். கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. கட்டியது நான்தான். சிவப்பு என்றால் மூட்டுத் தைலம். பச்சை என்றால் பெப்பர்மின்ட், அது கடைக்கு.

சரசுவின் முழங்காலில் இருப்பது பெப்பர்மின்ட் என்றால், இன்று காலை பிஸ்கட் மாவில் நான் ஊற்றியது என்ன?

வெற்றிலை எப்போது மடியில் விழுந்தது என்று தெரியாது. வேட்டியில் சுண்ணாம்புக் கறை மட்டும் இன்னும் இருக்கிறது.

மூக்கால் வாழ்ந்தவன்

போன வாரம் இந்தத் தொடரில் நான் சொந்தமாக முதல் அடுப்புக் கட்டிய கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பலர் பாராட்டினார்கள். பாராட்டட்டும், எனக்கு அந்தத் தகுதி இருக்கிறது. இந்த வாரம் எழுதுவதற்குப் பாராட்டு வேண்டாம். எழுதாமல் விட்டால் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார். ஆங்கிலம் என்றால் பேருந்தில் நம்பர் பார்ப்பதோடு சரி. அப்படிப்பட்டவன் இன்று அம்பத்தூரில் இரண்டு பேக்கரி வைத்திருக்கிறேன் என்றால் அதற்கு என் மூக்குதான் காரணம்.

சும்மா சொல்லவில்லை. நசரத்பேட்டையில் ஒரு விறகடுப்பு பேக்கரியில் தட்டு கழுவ நின்ற காலம். பெங்களூர் போகும் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி பன் வாங்குவார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “உள்ள ரெண்டாவது தட்டு தீயுது!” என்று கத்துவேன். மாஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டாவது தட்டில் ஓரம் கறுத்திருக்கும். டீசல் புகைக்கு நடுவில் கண்டுபிடித்தேன் ஐயா. எந்தப் படிப்பாளிக்கு வரும் அது?

பிறகு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்களுக்குச் சைக்கிளில் ரொட்டி போட்டேன். அங்கே எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். டிசம்பர் வந்தால் தூத்துக்குடிக்காரர் வீட்டில் மக்ரூன் கேட்பார்கள். நாகர்கோவில்காரர் வீட்டில் உலர்ந்த திராட்சை ஊறப்போட்ட கேக் கேட்பார்கள். அவர்கள் ஊரிலிருந்து வந்த பண்டத்தில் ஒரு துண்டை வாங்கி மோந்து பார்ப்பேன், நாக்கில் வைப்பேன். அடுத்த வாரம் அதையே செய்து கொண்டுபோய்க் கொடுப்பேன். “எங்க ஊர்லருந்து வரவழைச்சியா?” என்று கேட்காத வீடு கிடையாது.

எசென்ஸ் பாட்டில்களில் எல்லாம் ஆங்கிலம். அதற்காக நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. மோந்து பார்த்துக் கழுத்தில் நூல் கட்டிவிடுவேன். வெனிலாவுக்கு மஞ்சள், பாதாமுக்கு நீலம். முப்பது வருடமாக ஒரு நூல்கூடத் தப்பியதில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். என் கடையில் புதுப் பண்டம் எதுவானாலும் முதலில் ருசி பார்ப்பது நான் மட்டும்தான். நான் தலையாட்டினால் டப்பாவில் போகும். வேலையாட்கள் எவனும் வாயில் போடக் கூடாது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னால் பண்டம் கெட்டுவிடும் என்பது என் கருத்து.

‘ரொம்ப ஈஸி அங்கிள்’

நிவேதா என்ற பெண் அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். திருநெல்வேலிக்காரி, கம்ப்யூட்டர் வேலை. டிசம்பர் பிறந்ததும் கடைக்கு வந்து செல்போனை நீட்டினாள்.

“அங்கிள், இது பெப்பர்மின்ட் குக்கீஸ். ரொம்ப ஈஸி. வெண்ணெய், சர்க்கரைத் தூள், மைதா, கொஞ்சம் பெப்பர்மின்ட் ஆயில். மேல மிட்டாய நொறுக்கித் தூவணும். எங்க பிளாக் குழந்தைங்களுக்கு கிறிஸ்துமஸ் பார்ட்டி. இருபது டப்பா. செய்ய முடியுமா?”

செய்ய முடியுமாவா? என்னைப் பார்த்து அந்தக் கேள்வி. “நீ படத்த எடுத்து உள்ள வெச்சிக்கோம்மா. இதவிட நல்லா செஞ்சு தர்றேன்” என்றேன்.

பெப்பர்மின்ட் எண்ணெய் நல்லதாக வேண்டும். என் மகன் வேலை விஷயமாக ஊட்டிக்குப் போயிருந்தான். அவனிடம் சொன்னேன். அம்மா மூட்டு வலிக்கும் ஒன்று வாங்கினான். ஒரே அளவில் இரண்டு பழுப்பு பாட்டில். கொண்டுவந்து கொடுக்கும்போதே, “ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு தேய்க்க. நானே எழுதி ஒட்டித் தரட்டுமாப்பா?” என்று கேட்டான்.

“ஒங்கப்பனுக்கு மூக்கு கீதுடா” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அப்போதே சளி பிடித்திருந்தது. ஒரு பாட்டிலை மோந்தேன். லேசாக ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. அதற்குப் பச்சை நூல் கட்டினேன். மற்றொன்றை மோந்ததாகப் பேர் பண்ணிவிட்டுச் சிவப்பு கட்டினேன்.

சனிக்கிழமை காலையில் மாவு பிசைந்தது நானே. வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து வெள்ளையாகி வந்தன. பார்க்கவே அழகு. பச்சை நூல் பாட்டிலைத் திறந்து, மூடியில் அளந்து இரண்டு மூடி விட்டேன். கிளறி மோந்தேன். வாசனை வரவில்லை. இன்னும் இரண்டு மூடி. அப்போதும் வரவில்லை. ஊட்டிக்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு விட்டேன்.

அடுப்பு மாஸ்டர் லூர்து என்னோடு இருபது வருடமாக இருப்பவன். முதல் தட்டு வெந்து வெளியே வந்ததும் மூக்கைச் சுளித்தான்.

“நைனா, இன்னாது இது, வலிக்குத் தேய்க்கிற மருந்து வாசனை அடிக்குது?”

“பெப்பர்மின்ட்னா அப்டித்தான்டா இருக்கும். நீ எங்க பாத்திருக்கப் போற?”

“இல்ல நைனா, கண்ணு எரியுது எனக்கு.”

“ரோட்டோரத்துல பிரியாணி துன்றவனுக்கு இதெல்லாம் புரியாது. தட்ட மாத்து.”

அவன் மாற்றினான். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மொறுமொறுவென்று இருந்தது. நாக்கில் சர்க்கரை இனித்தது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டிவிட்டேன். மேலே சிவப்பு வெள்ளை மிட்டாயை நொறுக்கித் தூவி, டப்பாவுக்குப் பன்னிரண்டாக அடுக்கி, ரிப்பன் கட்டி, பன்னிரண்டு மணிக்கெல்லாம் அயனம்பாக்கம் அனுப்பியாயிற்று.

கண்ணாடி போட்டுப் படித்தேன்

சரசு காலைத் துடைத்துக்கொண்டே, “இன்னாய்யா, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?” என்று கேட்டாள். மாடியிலிருந்து கீழே கடைக்கு இறங்கினேன். இறங்கினேனா, உருண்டேனா தெரியாது.

பச்சை நூல் பாட்டில் மேடையிலேயே இருந்தது. லூர்து பத்தாவது வரை படித்தவன். “படிடா” என்று நீட்டினேன்.

அவன் மேலே இருந்த ஆங்கிலத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தான். “வின்... டர்... கிரீன். வின்டர்கிரீன் ஆயில் நைனா. பெப்பர்மின்ட்னு இல்ல.” பிறகு பாட்டிலைத் திருப்பினான். அப்படியே நின்றுவிட்டான். “பின்னால தமிழ்ல போட்டுக்கீது நைனா.”

பிடுங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். எறும்புத் தலை அளவு எழுத்து. வெளிப்பூச்சுக்கு மட்டும். உட்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

தமிழ்! ஆங்கிலம் தெரியாததால் வந்த தப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை. நான் படித்திருக்கலாம். பாட்டிலைத் திருப்பியிருந்தால் போதும்.

எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். அடுப்பு வெடித்தபோது, புயலில் கூரை பறந்தபோது எல்லாம். அதெல்லாம் என் தலைக்கு வந்தது. அந்தப் பயத்தில் கை கால் ஓடும். இந்தப் பயத்தில் கால் நகரவில்லை. இருபது குழந்தைகள். மூஞ்சி தெரியாத குழந்தைகள்.

நிவேதாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை.

“பார்ட்டி எத்தினி மணிக்கு நைனா?”

“அஞ்சு.”

“இப்ப மணி மூணேகால். ஏறு வண்டில” என்றான் லூர்து.

அத்திப்பட்டு ரோடு

அவன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். சட்டைப்பையில் பாட்டில். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. எப்போதும் நிற்பவைதான். அன்றைக்கு அந்த லாரிக்காரன் ஒவ்வொருவனையும் கீழே இறக்கி அடிக்க வேண்டும்போல் இருந்தது.

“இன்னும் துன்னுருக்க மாட்டாங்க நைனா. அஞ்சு மணிக்குத்தான குடுப்பாங்க?”

“டேய், பசங்கடா. பிஸ்கட் டப்பா. முன்னாடி இருந்தா சும்மா இருப்பாங்களா?”

அவன் வண்டியை இன்னும் முறுக்கினான். அத்திப்பட்டு தாண்டும்போது, “நீ எத்தினி மூடி ஊத்துன நைனா?” என்று மட்டும் கேட்டான்.

“ரெண்டு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளி அல்லவா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போகிற வழியில் ஒரு சைரன் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் போயிற்று. ஆம்புலன்ஸ் எங்களுக்கு எதிர்த்திசையில் அம்பத்தூர் பக்கம் போயிற்று. அயனம்பாக்கத்திலிருந்துதான் வருகிறதா, உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டது.

ஃபிளாட் வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டி, “பேரு, எந்த ஊடு, இன்னா விஷயம்னு எழுதுங்க” என்றார்.

“யோவ், எழுதினு நின்னா கொல விழுந்துடும்யா!” என்று லூர்து கத்தினான். நான் உள்ளே ஓடிவிட்டேன். இந்த வயதில் ஓடினேன்.

பத்தொன்பது

கீழ்த்தளத்தில் ஒரு ஹால். காகித நட்சத்திரம் தொங்கியது. பிளாஸ்டிக் மரத்தின் கீழே என் டப்பாக்கள் ரிப்பன் அவிழாமல் அடுக்கியிருந்தன. நிவேதா ஏணியில் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தாள்.

“அங்கிள்? என்ன நீங்களே வந்துட்டீங்க? போன் மேல வீட்டுல சார்ஜ்ல கிடக்கு.”

“யாராச்சும் துன்னாங்களா?”

“இல்லயே. இன்னும் யாருமே வரல.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. லூர்து வந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கோணிப்பையில் எடுத்து வைத்தான். வைத்து முடித்ததும் என்னைப் பார்த்தான். பார்த்த பார்வையே சரியில்லை.

“நைனா, பத்தொம்போதுதான் கீது.”

நிவேதா ஏணியிலிருந்து இறங்கினாள். அவள் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். “மித்ரா” என்று முணுமுணுத்தாள். அவளுடைய நாலு வயதுப் பெண். “மத்தியானம் என்கூடத்தான் இங்க இருந்தா. அப்புறம் மேல கூட்டிட்டுப் போய்த் தூங்க வச்சேன், டப்பா எடுத்தத நான் கவனிக்கவே இல்ல. எங்க அத்தை பார்த்துக்கிட்டு இருக்காங்க.”

லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மாடி ஏறினோம். வழியிலேயே முதல் மாடிக் கதவைத் தட்டி, அங்கே இருந்த வயதான டாக்டரம்மாவையும் நிவேதா இழுத்துக்கொண்டு வந்தாள்.

குழந்தை கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் டப்பா. ரிப்பன் அவிழ்ந்து கிடந்தது. உள்ளே எட்டு பிஸ்கட்.

நாலைக் காணவில்லை.

டாக்டரம்மா பாட்டிலை வாங்கிப் படித்தார். நிதானமான மனுஷி. குழந்தையின் மூச்சைக் கவனித்தார், நெற்றியைத் தொட்டார். என் பக்கம் திரும்பினார்.

“இதுல எவ்வளவு ஊத்துனீங்க?”

“ரெண்டு மூடிங்க. இருபது டப்பாவுக்கும் சேத்து.”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். தோள் கொஞ்சம் இறங்கியது. “அப்படின்னா நாலு பிஸ்கட்டுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாத. தூங்கட்டும். எழுந்ததும் பாக்கலாம்.”

நிவேதா சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அவளுடைய அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். லூர்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மாவு கண் முன்னால் வந்தது. இரண்டு, இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தையைத் தூங்க விட்டுவிடுவார்கள். 

“டாக்டரம்மா” என்றேன். “பொய் சொல்லிட்டேன்மா. ஆறு மூடி. எனக்குச் சளி. வாசன தெரியல. ஆறு மூடி ஊத்திட்டேன்.”

நிவேதா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “எழுப்புங்க பாப்பாவ. உடனே. கார் சாவிய எடுத்து வச்சுக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்.”

தூக்கி உட்கார வைத்தார்கள். குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்தாள். எதிரே இத்தனை பேர்.

“வயிறு வலிக்குதா கண்ணு? காதுல ஙொய்னு சத்தம் கேக்குதா?” என்று டாக்டரம்மா கேட்டார். குழந்தை தலையணையைக் கட்டிக்கொண்டாள்.

“எத்தனை சாப்பிட்ட மித்ரா? சொல்லு! அம்மா கேக்கறேன்ல, எத்தனை சாப்பிட்ட?” நிவேதா தோளைப் பிடித்து உலுக்கினாள். குழந்தையின் உதடு பிதுங்கியது. டப்பாவைக் கேட்காமல் எடுத்ததற்குத்தான் எல்லோரும் வந்து நிற்கிறார்கள் என்று அது நினைத்துக்கொண்டது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன்.

“பாப்பா, நாந்தான் அந்த பிஸ்கட் செஞ்ச தாத்தா. நல்லா இருந்துச்சா?”

ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“ச்சீ” என்றாள்.

“ச்சீயா?”

“மருந்து. த்தூ. நல்லாவே இல்ல தாத்தா.” பிறகு அம்மாவைப் பயந்து பயந்து பார்த்துவிட்டு, அந்த வீட்டு ஹாலில் இருந்த சோபாவின் பக்கம் கையைக் காட்டினாள். “அங்க போட்டுட்டேன்.”

நான் ஹாலுக்குப் போய் வயிறு தரையில் படப் படுத்தேன். லூர்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினான். சோபாவுக்கு அடியில் தூசிக்கு நடுவே நாலு பிஸ்கட். கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்தேன். நாலிலும் ஓரத்தில் ஒரே ஒரு கடி, எலி கடித்த அளவு. ஒன்று நன்றாக இல்லையென்றால் அடுத்தது நன்றாக இருக்கும் என்று நாலையும் கடித்துப் பார்த்திருக்கிறது. கடித்ததையும் துப்பியிருக்கிறது. துணுக்குகள் ஈரம் காய்ந்து தரையில் ஒட்டியிருந்தன.

டாக்டரம்மா குனிந்து எல்லாவற்றையும் பார்த்தார். “உள்ள போயிருந்தா துளிதான். பயமில்ல. நிறையத் தண்ணி குடுங்க. ராத்திரி வரைக்கும் நான் பாத்துக்கறேன்” என்றார். நிவேதா குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. “எழுந்துருங்க பெரியவரே” என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கன்னம் தரையில் பட, அப்படியே சோபாவுக்கு அடியில் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அங்கே குழந்தை எப்போதோ சிந்திய மிக்சர்த் துணுக்கு ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. சுவரோரத்திலிருந்து இன்னும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் பிஸ்கட் சிந்திய இடம் வந்ததும் வரிசை நின்றது. முதல் எறும்பு மீசையை ஆட்டிப் பார்த்தது. பிறகு அத்தனை எறும்புகளும் அந்த இடத்தை விட்டு விலகி, சுற்றிக்கொண்டு போயின.